நெற்றிப் பொட்டுக்குப் பரிசு இல்லையா?

கேள்வி: என் கோய் மீனின் (ஜப்பானிய அலங்காரக் கெண்டை) தலையில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல் வட்டச் சிவப்பு இருந்தும், டர்பனில் நடந்த கோய் மீன் கண்காட்சிப் போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தாங்கள் குறிப்பிடும் பொட்டு ‘தான்ச்சோ’ எனப்படும், ஆயினும் சிவப்பு தலையில் மட்டும் இருந்து, உடலில் வேறெங்கும் இல்லாதபோதே அப்பெயர் பொருந்தும். முதுகிலும் சிவப்பு இருந்தால் அது வெண்மையும் சிவப்பும் கொண்ட ‘கோஹாக்கு’ வகையாகவே கருதப்படும்.

நீலத் தொட்டியில் விடப்பட்ட மீனை மேலிருந்து நோக்கும் நடுவர்கள், முதலில் உடலமைப்பையே கவனிக்கிறார்கள்: தலை முதல் வால் வரை இருபுறமும் ஒத்திருக்கிறதா, முதுகெலும்பு நேராக உள்ளதா, நீந்துகையில் தயக்கம் தெரிகிறதா என்பன அவை. அடுத்தது தோலின் தரம், அதாவது வெண்மையின் தூய்மையும் சிவப்பின் சீரான அடர்த்தியும் ஆகும். கோல அழகு இவற்றுக்குப் பின்னரே வருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள் (நானும் அவ்வாறே ஏமாந்து ஒரு மீனை வாங்கியவன்தான்). வண்ணம் கண்ணைப் பறித்தாலும், கோணிய உடலின் குறையை அது ஈடுசெய்யாது.

கறுப்பும் சேர்ந்த மூவண்ண வகைகளில், ‘சாங்கே’யின் தலையில் கறுப்பு இருப்பது குறையாகும், ‘ஷோவா’விலோ தலையில் கறுப்பு எதிர்பார்க்கப்படுகிறது. பருத்த உடல் பெண் மீன்களுக்கே எளிதில் வாய்ப்பதால், பெரிய அளவுப் பிரிவுகளில் அவையே பெரும்பாலும் முந்துகின்றன.