லெகோ சேகரிக்கும் பழக்கத்தை இணையம் எப்படி மாற்றியது?

ஒற்றைத் துண்டைக்கூடத் தேடி வாங்க முடிவதுதான் மிகப் பெரிய மாற்றம். முன்பு பழைய பெட்டியில் ஒரு ஜன்னல் துண்டு தொலைந்தால் தொலைந்ததுதான். 2000-இல் டான் ஜெசெக் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையைத் தொடங்கினார் (2019-இல் லெகோ நிறுவனமே அதை வாங்கிவிட்டது). எந்தத் துண்டு, எந்த நிறம், புதியதா பழையதா என்று சொல்லி, வேறொரு நாட்டில் இருப்பவரிடமிருந்தும் வாங்கலாம். எந்தப் பெட்டியில் என்னென்ன துண்டுகள் என்ற பட்டியலையும் ஆர்வலர்களே அங்கே தொகுத்தார்கள். சந்தையைவிட அந்தப் பட்டியல்தான் பெரிய கொடை என்பேன்.

அப்புறம் விலை. கடந்த ஆறு மாதங்களில் ஒரு பொருள் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று அதே தளம் காட்டுகிறது. ஏமாறுவது குறைந்தது, அடிமாட்டு விலைக்கு அரிய பெட்டி சிக்குவதும் குறைந்தது. முதலீடாக வாங்கி அடுக்குபவர்களும் பெருகினார்கள். 2007-இல் 5,000-க்கும் மேற்பட்ட துண்டுகளுடன் வந்த மில்லினியம் ஃபால்கன் (ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் விண்கலம்) பெட்டி, விற்பனை நின்றபின் பல மடங்கு விலை ஏறியது. 2017-இல் 7,541 துண்டுகளுடன் புதியது வந்ததும் பழையதன் விலை இறங்கியது. கட்டி மகிழ வாங்குபவருக்கு அது நல்ல செய்திதான்.