தள்ளுபடியாகும் மனுவை ஏன் போட வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நீதிமன்றமே சர்வாதிகாரியின் பக்கம் சாய்ந்துவிட்ட நாட்டில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போட்டு என்ன பயன்?

பதில்: தள்ளுபடியாகும் என்று தெரிந்தே போட வேண்டும். ராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் சிலியின் நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கான மனுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தன. ஆனால் யாரை, எந்த நாளில், எங்கிருந்து பிடித்துப் போனார்கள் என்பது ஒவ்வொரு மனுவிலும் பதிவாகிவிட்டது. 1976-இல் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கெஸ் தொடங்கிய திருச்சபை அலுவலகம் அவற்றைக் கோப்பு கோப்பாகச் சேர்த்து வைத்தது. அப்படிப் பிடித்துப் போனவர்களில், 1973-இல் போலீசார் கொண்டுபோன 15 பேரின் உடல் எச்சங்கள் 1978-இல் லோங்கேன் ஊரின் சுண்ணாம்புக் காளவாயில் கிடைத்தன. மக்களாட்சி திரும்பியதும் 1990-இல் அமைந்த உண்மை ஆணையத்துக்கு அந்தக் கோப்புகளே பெரிய ஆதாரம். தள்ளுபடி உத்தரவும் ஒரு சாட்சியம்தான்.

கேள்வி: ஒரே ஒரு நீதிபதி மறுத்து எழுதினால் ஏதாவது மாறுமா?

பதில்: உடனே மாறாது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்ற வழக்கு 1976-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். எச். ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அதனால் தலைமை நீதிபதி பதவி கைநழுவியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே தூக்கியெறிந்தது.

கேள்வி: நான் சாதாரண அலுவலக ஊழியை. எனக்குக் கட்சியும் இல்லை, மேடையும் தெரியாது. என்னால் என்ன ஆகும்?

பதில்: அம்மா, சர்வாதிகாரம் ஓடுவதே உங்களைப் போன்றவர்களின் கையெழுத்தில்தான். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் தேர்தல் ஆணையத்தில் வாக்குகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஊழியர்கள், தாங்கள் பதிந்த எண்ணிக்கையும் பலகையில் காட்டப்பட்ட எண்ணிக்கையும் ஒத்துப்போகாததைக் கண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் எழுந்து வெளியேறினார்கள். பெரும்பாலோர் பெண்கள். அந்நாட்டுச் சர்வாதிகாரி மார்க்கோஸை வீழ்த்தியவர்கள் அவர்கள் மட்டுமல்ல. மக்கள் வீதியில் திரண்டார்கள், ராணுவமும் பிளந்தது. ஆனால் மோசடியை உள்ளிருந்தே உலகுக்குச் சொன்னவர்கள் அவர்கள். பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். முடிந்தவரை தனியாக மறுக்காதீர்கள், சக ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆயுதம் ஏந்தினால்தான் தீரும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். அடக்குமுறைக்குக் காரணம் தேடும் ஆட்சிக்கு அதைவிட வசதி வேறில்லை.

கேள்வி: கண்ணெதிரே ஒருவரை இழுத்துப் போனால் எதை எழுதி வைப்பது?

பதில்: தேதி, நேரம், இடம், வண்டி எண், வந்தவர்களின் சீருடை, சொன்ன காரணம். பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காதீர்கள். ஒரு மிகைப்படுத்தல் போதும், மொத்தப் பதிவையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள். படம் எடுத்திருந்தால் உடனே பரப்ப வேண்டாம், அதில் தெரியும் மற்றவர்களுக்கும் ஆபத்து. பிடிபட்டவரின் பெயரை வெளியிடுமுன் குடும்பத்தாரைக் கேளுங்கள்.