சைன் 22.5 பாகையின் சரியான மதிப்பு: ± குறியில் எதை எடுப்பது?

சைன் 22.5 பாகையைக் கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க வேண்டும், சூத்திரத்தில் வரும் ± குழப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காஸ் 15-க்கு உங்களுக்கு வந்த விடையும் புத்தக விடையும் வேறாக இருப்பதாகவும் சொல்கிறீர்கள்.

முதலில் ஒன்று: அரைக்கோண சூத்திரத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். காஸ் 2அ = 1 − 2 சைன்²அ என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திருப்பி எழுதினால் சைன்²அ = (1 − காஸ் 2அ)/2. அவ்வளவுதான் சூத்திரம். அ = 22.5 என்றால் 2அ = 45, காஸ் 45 = √2/2. ஆக, சைன்² 22.5 = (2 − √2)/4. வர்க்கமூலம் எடுத்தால் சைன் 22.5 = ½√(2 − √2). தசமத்தில் சுமார் 0.3827. ஆனால் சரியான மதிப்பு கேட்டால் மூலக்குறியோடுதான் எழுத வேண்டும்.

சரி, குறிக்கு வருவோம். ± என்பது இரண்டு விடை உண்டு என்று சொல்லவில்லை. வர்க்கம் எடுத்தபோது தொலைந்த குறியை நீங்களே பார்த்துப் போடுங்கள் என்கிறது. எந்தக் கோணத்தைப் பார்ப்பது? பாதியாக்கிய கோணத்தை. நான் படித்த காலத்தில் திரும்பத் திரும்பத் தவறியது இந்த இடத்தில்தான். காஸ் 165-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 330-இல் பாதி. காஸ் 330 = √3/2, மிகை எண். அதைப் பார்த்து விடையையும் மிகை என்று எழுதிவிடுவேன். ஆனால் 165 இருப்பது இரண்டாம் கால்பகுதியில். அங்கே காஸ் குறை எண். சைனுக்குப் போலவே காஸ்²அ = (1 + காஸ் 2அ)/2 என்பதால், விடை −½√(2 + √3).

டேனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. டேன் அ = (1 − காஸ் 2அ)/சைன் 2அ; இதில் மூலமும் இல்லை, ±-உம் இல்லை. டேன் 22.5 = √2 − 1 என்று நேராக வந்துவிடும். இதைப் படமாகவும் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த படம் இது. செங்கோணத்தை அடைத்த பக்கங்கள் இரண்டும் 1, கர்ணம் √2 உள்ள முக்கோணம் வரையுங்கள். அடிப்பக்கத்தை, 45 பாகை உள்ள முனைக்கு வெளியே, கர்ணத்தின் நீளத்துக்கே நீட்டுங்கள். நீட்டிய முனையை உச்சியோடு சேர்த்தால் ஓர் இருசமபக்க முக்கோணம் கிடைக்கும். அதன் வெளிக்கோணம் 45 என்பதால் உள்ளே எதிரே இருக்கும் இரண்டு சம கோணங்களும் 22.5. இப்போது பெரிய செங்கோண முக்கோணத்தின் உயரம் 1, அடி 1 + √2. டேன் 22.5 = 1/(1 + √2), அதுதான் √2 − 1.

பாதியாக்குவதை நிறுத்தாமல் தொடரலாம்: 30, 15, 7.5, 3.75. 6-ஆம் நூற்றாண்டில் வானியலாளர் வராகமிகிரர் பஞ்சசித்தாந்திகா என்ற நூலில் 3.75 பாகை இடைவெளியில் 24 சைன் மதிப்புகளைத் தந்ததில் இந்த உறவுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் அந்தக் காஸ் 15. உங்களுடையது ½√(2 + √3), புத்தகத்தில் (√6 + √2)/4. இரண்டும் சரி. புத்தக விடையை வர்க்கப்படுத்துங்கள்: (6 + 2 + 2√12)/16 = (8 + 4√3)/16 = (2 + √3)/4. உங்கள் விடையின் வர்க்கமும் இதேதான். இரண்டும் மிகை எண்கள், ஆகவே சமம். புத்தகம் 45 − 30 என்று பிரித்திருக்கும், நீங்கள் 30-ஐப் பாதியாக்கினீர்கள்.