டியூலிப்பில் இலை வருகிறது, பூவைக் காணோம்!

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று வருடங்களுக்கு முன் ஐம்பது டியூலிப் கிழங்கு நட்டேன். முதல் வசந்தத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று படம் எடுத்தார்கள். போன வருடம் பாதிதான் பூத்தது. இந்த மே மாதம் ஆறேழு பூ, மற்றதெல்லாம் ஒற்றை இலை. பூ முடிந்ததும் இலைகளை வெட்டிவிட்டு அதே பாத்தியில் மிளகாய், கத்தரிக் கன்று வைப்பேன், கோடை முழுக்கத் தண்ணீரும் விடுவேன். பக்கத்து வீட்டில் யாரும் கவனிக்காமலே வருடாவருடம் சிவப்பாகப் பூக்கிறது. புதுக் கிழங்கு வைத்தால் அணில் கிளறி எடுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்? பூவை வெட்டிச் சுவாமி அறையில் வைத்தால் எத்தனை நாள் நிற்கும்?

பதில்: அக்கா, நீங்கள் எழுதியதிலேயே விடையும் இருக்கிறது. நீங்கள் வாங்கிய கிழங்கில் பிழை இல்லை. முதல் வருடம் அப்படிப் பூத்த மண்ணிலும் பெரிய பிழை இருக்க முடியாது. பூ முடிந்த பிறகு நடப்பதுதான் சரியில்லை. டியூலிப்புக்கு நாம் பார்க்க வேண்டிய முக்கியமான வேலை இதழ் உதிர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நாம் எல்லாரும் அதை மறந்துவிட்டு மரக்கறிப் பக்கம் போய்விடுகிறோம்.

அந்த ஒற்றை இலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பூக்கிற செடியில் தண்டைச் சுற்றி மூன்று நான்கு இலை இருக்கும். பூக்காத கிழங்கு அகலமான ஒரே ஓர் இலையை மண்ணிலிருந்து நேராக நீட்டும், தண்டே வராது. அப்படி ஒன்றை மெல்லத் தோண்டிப் பார்த்தால் கீழே சின்ன வெங்காயம் அளவில்தான் கிழங்கு இருக்கும். நீங்கள் நட்ட பெரிய கிழங்கு அங்கே இருக்காது. டியூலிப் கிழங்கின் ஆயுள் ஒரே ஒரு பூப்புக்குத்தான். பூத்து முடிக்கும்போது தாய்க்கிழங்கு தன்னிடமிருந்த மாவையெல்லாம் செலவழித்துவிட்டு வெறும் தோலாகிவிடும். அதன் செதில்களின் இடுக்கில் புதுக் குட்டிக் கிழங்குகள் உருவாகியிருக்கும். கடையில் விற்கும் நல்ல கிழங்கின் சுற்றளவு 12 சென்டிமீற்றர் அல்லது அதற்கு மேல். குட்டிகளில் ஒன்றாவது அந்தப் பருமனை நெருங்கினால்தான் அடுத்த வருடம் நம்பிப் பூவை எதிர்பார்க்கலாம்.

குட்டியைப் பருக்க வைப்பது அந்த இலைதான். இதழ் உதிர்ந்ததிலிருந்து இலை தானாக மஞ்சளாகிச் சாயும் வரை ஏறக்குறைய ஆறு கிழமை ஆகும். அந்த ஆறு கிழமைச் சாப்பாட்டைத்தான் நீங்கள் வருடாவருடம் வெட்டி எறிந்திருக்கிறீர்கள். அதனால் இப்போது செய்ய வேண்டியது, வெட்டாமல் விடுவது. இலையை மடித்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டும் பழக்கமும் சிலரிடம் உண்டு, அதுவும் வேண்டாம். வெயில் படாத இலையால் பயனில்லை. இதழ் உதிர்ந்த பூத்தலையை மட்டும் விரலால் கிள்ளிவிடுங்கள், விதை வைக்கச் சத்துப் போகாது. தண்டு அப்படியே நிற்கட்டும்.

அடுத்தது தண்ணீர். டியூலிப்பை எல்லாரும் ஒல்லாந்துப் பூ என்றே நினைக்கிறார்கள். ஆனால் காட்டு டியூலிப்பின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள், தியான் ஷான், பாமீர் பக்கம். அங்கே கடும் குளிர்காலம், கொஞ்ச நாள் ஈரமான வசந்தம், அப்புறம் காய்ந்த கோடை. அந்தக் கோடை உறக்கத்தில்தான் அடுத்த வருடத்து மொட்டு கிழங்குக்குள்ளேயே உருவாகிறது. ஜூலை, ஓகஸ்டில் கிழங்கு உலர்ந்த, இளஞ்சூடான மண்ணில் கிடக்க வேண்டும். உங்கள் மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதே மாதங்களில்தான் தண்ணீர் தேவை. ரொறன்ரோ வட்டாரத்தில் பல இடங்களில் களிமண் வேறு, விட்ட தண்ணீர் இலகுவில் இறங்காது. கிழங்கு பருக்காததோடு அழுகவும் செய்திருக்கும். இந்த இரண்டையும் ஒரே பாத்தியில் வைத்து இரண்டுக்கும் நல்லது செய்ய முடியாது.

நான் சொல்வது இதுதான்: டியூலிப்புக்குத் தனி இடம் கொடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிய மேடு, நடைபாதை ஓரம், இலையுதிர் மரத்தின் கீழ் என்று வசந்தத்தில் வெயிலும் கோடையில் காய்ந்த மண்ணும் உள்ள இடமாகப் பாருங்கள். பின்வளவுப் பாத்திதான் வசதி என்றால் அங்கே டியூலிப்பை ஒரு வருடப் பூவாக வையுங்கள். பூத்ததும் பிடுங்கிவிட்டு, இலையுதிர்காலத்தில் புதுக் கிழங்கு. ஒட்டாவாவில் பொதுப் பூங்காக்களுக்கே ஒவ்வோர் இலையுதிர்காலமும் புதுக் கிழங்குதான் பெருமளவில் நடுகிறார்கள், அதனால் இதில் குறைவு ஒன்றும் இல்லை.

இந்த வருடம் பாத்தி அவசரமாக வேண்டுமென்றால், மே கடைசிப் பக்கம் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்து மிளகாய்க் கன்று வெளியே வைக்கும் வேளையில், பச்சை இலையோடும் வேர் மண்ணோடும் கிழங்கைக் கிண்டி எடுத்து, வேறொரு மூலையில் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி இறக்கி வையுங்கள். இலை காய்ந்ததும் எடுத்து மண்ணைத் தட்டி, வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடலாம். பெரியவற்றை மட்டும் ஒக்டோபரில் நடுங்கள். சின்னன்களை ஒரு மூலையில் வளர விடுங்கள், இரண்டொரு வருடத்தில் அவையும் பூக்கும்.

பக்கத்து வீட்டுச் சிவப்பு, பார்க்காமல் சொல்வதென்றால், டார்வின் ஹைபிரிட் வகையாக இருக்கலாம். அப்பெல்டோர்ன் என்ற சிவப்பு அந்த வகையில் மிகப் பிரபலம், 1951 முதல் இருக்கிறது. பெரிய பூ, நீண்ட தண்டு, நல்ல இடத்தில் பல வருடம் திரும்பி வரும். ரோசா நிறம் வேண்டுமென்றால் பிங்க் இம்ப்ரெஷன். சின்னதாக இருந்தாலும் சரி, ஆனால் ஆண்டாண்டாய் நிற்க வேண்டுமென்றால் காட்டு வகைகளைத் தேடுங்கள்: மஞ்சளும் வெள்ளையுமாக நட்சத்திரம் போல் விரியும் டார்டா, வெளியில் சிவப்பும் உள்ளே வெள்ளையுமான லேடி ஜேன். எனக்கு இவைதான் பிடித்தவை. கடையில் பெட்டிப் படத்தைப் பார்த்து நாம் மயங்குகிற அடுக்கிதழ்ப் பூக்களும், கிளிச்சிறகு மாதிரி விளிம்பு கிழிந்த பேரட் வகைகளும் பெரும்பாலும் முதல் வருட அழகுதான்.

இனி அணில். அதற்கு மூக்கும் கூர்மை, புதிதாகக் கிளறிய மண் என்றால் ஆசையும் அதிகம். செப்டெம்பர் கடைசியிலேயே நட வேண்டாம், ஒக்டோபர் நடுப்பகுதி, தாங்ஸ்கிவிங் கழிந்து மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நடுங்கள். ஆழம் 15 முதல் 20 சென்டிமீற்றர், கூர்நுனி மேலே. உதிர்ந்த கிழங்குத் தோலை மண்ணில் விடாமல் பொறுக்குங்கள், அந்த மணத்துக்குத்தான் அணில் வருகிறது. மண்ணை அமர்த்தி, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். மார்ச்சில் முளை தெரிந்ததும் வலையை எடுத்துவிடலாம். எலும்புத்தூள் போட வேண்டாம், வாசத்துக்கு மிருகங்கள் இன்னும் கிளறும். முளை வரும்போது கொஞ்சம் சமச்சீர்ப் பசளை போதும். சுற்றிவர நார்சிசஸ் (டஃபொடில்) கிழங்கு நடுவதும் உதவும், அது நச்சு என்பதால் அணிலும் முயலும் தொடாது.

கிழங்கை நடும்வரை பிரிட்ஜில் வைப்பதானால் அப்பிளோடு சேர்த்து வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். வெங்காயக் கூடைப் பக்கமும் வைக்காதீர்கள், சமையலில் மாறிப் போடக்கூடாது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ஒல்லாந்தில் மக்கள் வேறு வழியில்லாமல் டியூலிப் கிழங்கை அவித்துச் சாப்பிட்டார்கள், ஆனால் அது நமக்கான உணவு அல்ல. நாய், பூனைக்கும் ஆகாது.

மே மாதத்தில் ஒருமுறை குடும்பமாக ஒட்டாவா போய் டௌஸ் ஏரிக்கரைப் பூங்காவைப் பார்த்து வாருங்கள், எந்த நிறத்தோடு எது சேரும் என்று அங்கே நின்றால் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒல்லாந்து இளவரசி யூலியானா பிள்ளைகளோடு ஒட்டாவாவில் அடைக்கலம் இருந்தார். 1943 ஜனவரியில் மகள் மார்கிரீட் அங்கேதான் பிறந்தார். குழந்தைக்குப் பிறப்பால் ஒல்லாந்துக் குடியுரிமை மட்டுமே இருக்க, பிரசவ அறையைக் கனடா தன் நாட்டு எல்லைக்கு வெளியே உள்ளதாக அறிவித்தது. நன்றியாக 1945இல் ஒல்லாந்திலிருந்து ஒரு லட்சம் கிழங்குகள் வந்தன. இன்றும் வருடந்தோறும் அனுப்புகிறார்கள். அடைக்கலம் தேடி இந்த நாட்டுக்கு வந்த நம்மில் பலருக்கு அந்தப் பூக்களின் முன் நிற்பது வேறு மாதிரித்தான் இருக்கும்.

சுவாமி அறைக்குத் தாராளமாக வைக்கலாம். மொட்டு இன்னும் மூடியிருக்க, நிறம் மட்டும் ஏறியிருக்கும்போது காலையில் வெட்டுங்கள். கீழே இரண்டு இலையாவது செடியில் மிஞ்ச வேண்டும், மேலே சொன்ன கணக்கு இதற்கும்தான். வெட்டிய பிறகும் டியூலிப் தண்டு நீளும், வெளிச்சத்தின் பக்கம் வளையும். அதனால் உயரமான செம்பில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருக்கால் நீரை மாற்றித் தண்டின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். புதிதாக வெட்டிய நார்சிசஸை அதே செம்பில் வைக்காதீர்கள், அதன் பால் டியூலிப்பைச் சோர வைக்கும். விளக்குச் சூட்டில் இதழ் அகல விரிந்து சீக்கிரம் உதிரும், குளிர்ந்தால் திரும்ப மூடிக்கொள்ளும். விளக்கிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைத்தால் ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும்.