ஏஸ்-6 கையில் நிற்கலாமா?

லாஸ் வேகஸில் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் ஏஸும் (11 என்றோ 1 என்றோ எண்ணலாம்) 6-ம் வந்ததும் 17 ஆகிவிட்டதே என்று மேலே சீட்டு வாங்காமல் நின்றுவிட்டீர்கள், 7-ஐத் திறந்து காட்டிய டீலர் (கசினோவுக்காக ஆடுபவர்) 18 எடுத்து ஜெயித்துவிட்டார், பக்கத்தில் இருந்தவர் முறைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். முறைப்பை விடுங்கள், அந்த மேஜைகளில் அது சகஜம். ஆனால் அந்தக் கையில் நிற்கக் கூடாது என்பது உண்மைதான்.

21-ஐத் தாண்டாமல் அதிகம் எடுப்பவருக்குத்தான் ஜெயம். டீலர் 17 வரும்வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும். அதனால் நீங்கள் 17-இல் நின்றால், அவர் 21-ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு ஜெயம். அவருக்கும் 17 வந்தால் வைத்த பணம் திரும்பும், அவ்வளவுதான். ஏஸும் 6-ம் கையில் இருக்கும்போது இன்னொரு சீட்டு வாங்கினால் 21-ஐத் தாண்ட வழியே இல்லை. 9 வந்தால் ஏஸை 1 என்று எண்ணி, 16-ஆக வைத்து மறுபடி வாங்கலாம். டீலர் 3 முதல் 6 வரை காட்டினால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே சீட்டு வாங்குங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 10 டாலர் வைத்து பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டும்) விழுந்ததற்கு 12 டாலர்தான் கொடுத்தார்கள் என்கிறீர்களே, அது 6:5 மேஜை. 3:2 மேஜையில் 15 கிடைத்திருக்கும். பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 கைக்கு ஒரு முறை விழும், ஒவ்வொரு முறையும் 3 டாலர் நஷ்டம். ஏஸ்-6 தவறைவிட இதுதான் பையைக் காலி செய்யும். மேஜை விரிப்பிலேயே அச்சடித்திருப்பார்கள், பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அப்புறம், இன்ஷூரன்ஸ் (டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று வைக்கும் தனிப் பந்தயம்) வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள். சீட்டு வேண்டுமானால் விரலால் மேஜையைத் தட்டுங்கள். வாயால் சொன்னால் செல்லாது, கேமராவில் தெரிய வேண்டும்.