வீட்டுப் பத்திரத்தை வைத்து மகளை பி.ஏ. படிக்க வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குத் திருமங்கலம். வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடைச் செலவு போக மாதம் 45,000 ரூபாய் வீட்டுக்கு வரும். 33,000 குடும்பத்துக்கே சரியாகிவிடும். மிச்சத்தில் 3,000 மகளின் செல்வமகள் கணக்குக்குப் போகிறது. 2015-இல் போஸ்ட் ஆபீஸில் ஆரம்பித்தது, இப்போது அதில் 6 லட்சம் இருக்கிறது. பேங்கில் 5 லட்சம் டெபாசிட், 18 பவுன் நகை, சொந்த வீடு. கடன் இல்லை. பையன் ஒன்பதாவது படிக்கிறான். மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். கணக்கு, சயின்ஸ் குரூப், நல்ல மார்க். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் நாலு பிள்ளைகளோடு கல்வெட்டு பார்க்க மலையேறிவிடுவாள். மற்ற நாளில் பழைய சினிமா, பாட்டு, நோட்டு நிறைய எழுத்து. சோறு போடும்போது, ‘நல்லவங்களா இருக்கணும்னு என்னம்மா கட்டாயம்?’ என்று கேட்கிறாள். இப்போது வெளிமாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இலக்கியம், சினிமா, இசை, வரலாறு, தத்துவம் எல்லாம் கலந்து சொல்லித்தருகிற பி.ஏ. படிக்கணும் என்கிறாள். விடுதியோடு சேர்த்து மூன்று வருஷத்துக்கு 24 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் 20 லட்சம் லோன் ஏற்பாடு செய்வதாக ஏஜென்ட் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார். என் தம்பியோ, ‘இன்ஜினீயரிங்ல சேத்து விடுக்கா, இதெல்லாம் சோறு போடாது’ என்கிறான். நான் என்ன செய்யட்டும்?

வாசகி, திருமங்கலம்

பதில்: ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத கணக்கை முதலில் போட்டுவிடுவோம், அம்மா.

20 லட்சத்தை வங்கி மொத்தமாகத் தராது. வருஷத்துக்கு 6.67 லட்சம் வீதம் கல்லூரிக்கு அனுப்பும். படிக்கும் 3 வருஷமும் அதற்குப் பிறகு 1 வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஏஜென்ட் இதைத்தான் அழுத்திச் சொல்லியிருப்பார். தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது. 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்த 4 வருஷத்து வட்டி மட்டும் 6.6 லட்சம். உங்கள் மகள் முதல் தவணை கட்டும் அன்று கடன் 26.6 லட்சமாக நிற்கும். 10 வருஷத்தில் அடைக்க மாதம் 36,600 ரூபாய், மொத்தம் கிட்டத்தட்ட 44 லட்சம். 15 வருஷமாக இழுத்தாலும் மாதம் 30,200. பெண் பிள்ளைகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் அரை சதவீதம் குறைப்பார்கள். அது இந்த மலையில் ஒரு கல்லைப் பெயர்ப்பது மாதிரிதான். உங்கள் வீட்டில் மாதம் மிஞ்சுவது 9,000. பி.ஏ. முடித்த 21 வயதுப் பெண் முதல் வேலையில் 36,000 தவணை கட்டிவிட்டுச் சாப்பிடவும் வேண்டும் என்றால், அவள் அந்தப் படிப்பைப் படித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். எந்த வேலை அதிகச் சம்பளம் தருகிறதோ அதில் போய் விழ வேண்டியதுதான்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்றும் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மைதான், ஆனால் பழைய வரி முறையில் மட்டும். உங்கள் வீட்டு வருமானம் வருஷத்துக்கு 5.4 லட்சம். புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் என்ன சலுகை?

வீட்டுப் பத்திரம் ஏன் கேட்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலேயே கல்விக் கடன் கிடைக்கும். அதைத் தாண்டினால்தான் பத்திரம். பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் தருகிறார்கள், வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் கல்லூரி அந்தத் திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும். தேசியத் தரவரிசையில் முதல் 100-க்குள் வராத தனியார் நிறுவனத்துக்கு அங்கே இடமில்லை. ஏஜென்ட் இந்தப் பேச்சையே எடுக்காமல் நேரே பத்திரத்துக்கு வந்தார் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத ஒரு பொற்கொல்லனை நம்பியவன் கதை என்னைவிட உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அடுத்து உங்கள் தம்பி. அவரைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது, அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. உங்கள் மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். பணத்தை மட்டும் பார்த்தால் 24 லட்சத்துக்கு எதிரே கிட்டத்தட்ட பூஜ்யம். தம்பி இதைத் தெரிந்து சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்பது வேறு விஷயம்.

ஆனால் அவர் ஒன்றைத் தவறவிட்டார், நீங்களும்தான். இலக்கியமும் வரலாறும் 24 லட்சம் கேட்கவில்லை. அந்த ஊரும் அந்தக் கட்டடமும்தான் கேட்கின்றன. அதே பாடங்கள் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் கிடைக்கின்றன. மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது, சிறு கட்டணங்கள் மட்டும்தான். அமெரிக்கன் கல்லூரி 1881-இலிருந்து இருக்கிறது, மதுரைக் கல்லூரி 1889-இலிருந்து, லேடி டோக் 1948-இலிருந்து. இவற்றில் ‘எய்டட்’, அதாவது அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். சுயநிதிப் பிரிவென்றால் அதே கல்லூரி, அதே வராந்தா, கட்டணம் மட்டும் பல மடங்கு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவுக்கு டிக் அடிக்கிறீர்கள் என்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். போக வர மகளிர் கட்டணமில்லா டவுன் பஸ். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், 3 வருஷத்துக்கு 36,000.

‘எல்லாம் கலந்து படிக்கணும்’ என்கிறாளே என்று கேட்பீர்கள். நம் ஊர் பி.ஏ. அப்படி இல்லைதான். வரலாறு எடுத்தால் சினிமா வராது, ஆங்கில இலக்கியம் எடுத்தால் தத்துவம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கலவையை அவளேதான் செய்துகொள்ள வேண்டும், அதற்குச் செலவு குறைவு. 2022-இலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது. கல்லூரிக்குப் போய் ஒன்று, தொலைநிலையில் ஒன்று. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் சினிமாவும் தத்துவமும் இருக்கின்றன. கேட்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு 1,000 ரூபாய். பாட்டு முறையாகக் கற்க மதுரையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள். கீழடி அருங்காட்சியகம் வேறு பக்கத்தில். வெளிமாநிலத்துப் பிள்ளைகள் ரயில் ஏறி வந்து பார்க்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வெளிமாநிலத்துக்கு 24 லட்சம் கட்டப் பார்க்கிறோம்.

அவள் மலையேறுவதை வீண்பொழுது என்று நினைக்காதீர்கள். ஒரு வாடிக்கையாளரின் மகன் என்னையும் ஒருநாள் கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகைக்கு இழுத்துப் போனான். முட்டி வலியோடு ஏறி, சமணப் படுக்கைகளுக்கு மேலே பாறை விளிம்பில் வெட்டியிருந்த தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தை அவன் விரல் வைத்துப் படிக்கப் படிக்க வலி மறந்துவிட்டது. உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன் கொல்லன். உப்பு, வெல்லப்பாகு, ஏர்க்கொழு, துணி, தங்கம். சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் துறவிகளுக்குப் படுக்கை வெட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். மாங்குளத்தில் ஒரு வணிகர் குழுவே, வெள்ளறை நிகமத்தார் என்று, கொடுத்ததைப் பொறித்திருக்கிறது. பி.காம். படித்து இத்தனை வருஷம் கீழமாசி வீதியில் கணக்குப் பார்க்கிற எனக்கு என் தொழிலின் பழைய பேரேடு அங்கே இருப்பது தெரியவே தெரியாது. அந்தப் பையன் அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு நான் பீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, படித்து என்ன வருமானம்? இங்கே நான் தேன் தடவப் போவதில்லை. பி.ஏ.வோடு நின்றுவிட்டால் முதல் சம்பளம் சின்னதாகத்தான் இருக்கும். கல்லூரி ஆசிரியர் வேலை என்றால், கௌரவ விரிவுரையாளராக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் பார்க்கிறேன். ஆனால் கதவு ஒன்றல்ல. அரசு வேலைத் தேர்வுகளில் தமிழும் வரலாறும் அப்படியே கைகொடுக்கும். குடிமைப் பணித் தேர்வில் வரலாறு, தத்துவம், தமிழ் இலக்கியம் மூன்றுமே விருப்பப் பாடங்களாக இருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறை உதவித்தொகை கொடுத்தே இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கல்வெட்டுப் பைத்தியத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மதுரை அரசு சட்டக் கல்லூரியின் ஐந்து வருஷப் படிப்பையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். ‘நல்லவங்களா இருக்கணும்னு என்ன கட்டாயம்’ என்று கேட்கிற பிள்ளைக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

இன்னொரு கணக்கு. எம்.ஏ. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு முதல் 2 வருஷம் மாதம் 37,000, அடுத்த 3 வருஷம் 42,000 தருகிறார்கள். கூட்டிப் பாருங்கள்: 8.88 லட்சமும் 15.12 லட்சமும் சரியாக 24 லட்சம். நீங்கள் கட்ட இருந்த அதே தொகை, எதிர்ப்பக்கமிருந்து வருகிறது! கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை, போட்டி கடுமை. ஆனால் கடன் இல்லாத பிள்ளைதான் இதற்கெல்லாம் நிதானமாக இரண்டு மூன்று முறை முயற்சி செய்ய முடியும். மாதம் 36,000 தவணை கட்டுகிற பிள்ளையால் முடியாது.

அதனால் என் யோசனை, முதல் 3 வருஷம் மதுரை, வெளியூர் அதற்குப் பிறகு எம்.ஏ.வுக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்களில், திருவாரூரோ ஹைதராபாத்தோ டெல்லியோ, கட்டணம் குறைவு. செலவெல்லாம் சாப்பாடும் பயணமும்தான். அதற்கான பணம் உங்களிடமே இருக்கிறது. மாதம் மிஞ்சும் 9,000-இல் 5,000 அவள் கல்லூரிக்கும் தேடலுக்கும். 1,500-ஐ உங்கள் வீட்டுக்காரர் பேரில் டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு ஒதுக்குங்கள். கடையில் அவர் ஒருவர்தான் நிற்கிறார், உங்கள் கடிதத்தில் பாலிசி பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. மீதி 2,500-ஐ ஆர்.டி. போட்டால் 3 வருஷத்தில் 1 லட்சம் பக்கம் வரும். 5 லட்சம் டெபாசிட்டில் 2 லட்சத்தை அவசரத்துக்கு விட்டுவிட்டு, 3 லட்சத்தை மூன்று வருஷத்துக்குப் போடுங்கள். 3.6 லட்சத்தைத் தாண்டும். செல்வமகள் கணக்கில் முந்தைய நிதியாண்டு முடிவில் இருக்கும் தொகையில் பாதி வரை மேற்படிப்புக்கு எடுக்கலாம், இன்றைய கணக்கிலேயே 3 லட்சம். இப்போது அதைத் தொடாதீர்கள். 8.2 சதவீதம், வரி இல்லாமல், வேறெங்கும் கிடைக்காது. 2030 வரை அந்த 3,000-ஐ விடாமல் கட்டுங்கள். எல்லாம் சேர்த்தால் எம்.ஏ.வுக்கு ஏழரை லட்சம் தயார். ஏழரை என்றதும் சனியை நினைக்க வேண்டாம். நகையும் வீடும் அப்படியே இருக்கும். இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் பையன் பிளஸ் டூ முடித்து வந்து நிற்பான், அவனுக்கும் நீங்கள் முகம் கொடுக்க வேண்டுமே.

அந்த 5,000-இல் 1,500-ஐத் தனியாக அவள் கையில் கொடுத்துவிடுங்கள். புத்தகம், சினிமா டிக்கெட், கீழக்குயில்குடிக்கோ திருப்பரங்குன்றத்துக்கோ பஸ், தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வந்தால் மொத்தமாக ஒரு மூட்டை, எல்லாம் அதற்குள். எதற்குச் செலவழித்தாய் என்று கேட்க வேண்டாம், கணக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இன்ஜினீயரிங்கா பி.ஏ.வா என்பதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உள் ஒதுக்கீட்டில் பொறியியல் என்றாலும் மதுரையில் பி.ஏ. என்றாலும் உங்கள் குடும்பம் தாங்கும். இரண்டும் தாங்குகிற செலவாக இருக்கும்போது அங்கே ஆடிட்டருக்கும் தாய்மாமனுக்கும் பேச்சில்லை, அவள்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் மேல் அவளுக்கு உண்மையிலேயே மனசு இருந்தால் ஒரு வழி பாக்கி. இப்படிப்பட்ட நிறுவனங்கள் பலவற்றில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத் தள்ளுபடி தருகிறார்கள். ஏஜென்ட் வழியாகப் போகாமல் அவளே நேராக விண்ணப்பித்து, வருமானச் சான்றிதழை இணைக்கட்டும். விடுதிச் செலவும் சேர்த்து முக்கால் பங்கு தள்ளுபடி கிடைத்தால் மீதி 6 லட்சம்தான், பத்திரம் பீரோவை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. அப்போது என் பதில் மாறும், எனக்கு எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை 50,000-ஐக் கட்ட வேண்டாம். சேராவிட்டால் எத்தனை நாளில், எவ்வளவு திரும்பும் என்று பல்கலைக்கழகத்தின் லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி அதற்கு ஆகாது. எழுதித் தந்தால், ஏஜென்ட் கணக்குக்கு இல்லாமல் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகக் கட்டுவதைப் பற்றி அடுத்த வாரம் யோசிக்கலாம். அதற்குள் மதுரைக் கல்லூரிகளின் விண்ணப்பக் கடைசித் தேதி தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.