கூலிக்கு ஆடுபவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிறேன். இதுவரை அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ மட்டும்தான் பார்த்துவந்தேன். இனி ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் யூரோலீக்கும் பார்க்கலாம் என்று ஆசை. எந்த அணியில், எந்த ஆட்டக்காரரில் தொடங்குவது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

போன வாரம் 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பார்த்தேன். ரஷ்யாவுக்கு வெற்றி ஷாட்டைப் போட்டவர் ஜே.ஆர். ஹோல்டன் என்ற அமெரிக்கர்! தேடிப் பார்த்தால், என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அங்கே இடம் கிடைக்காமல் வெளியே போய், பாஸ்போர்ட்டும் வாங்கிக்கொண்டு ரஷ்யச் சட்டையில் ஆடியிருக்கிறார். 2022-ல் ஸ்பெயினுக்கு ஆடிய லோரென்சோ பிரவுனும் அப்படிப் பாஸ்போர்ட் வாங்கிய அமெரிக்கர்தானாம். மனசுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. தோற்றுப்போனவர்கள் காசுக்குக் கொடி மாற்றுவதுதானே இது? இந்தியாவும் இப்படி ஆள் எடுக்கலாமா? என்னைப் போல உயரம் குறைந்த கார்டுகள் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) ஐரோப்பாவில் நன்றாக ஆடுவது எப்படி?

அன்புடன்,
ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள தம்பி,

உயரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஹோல்டன் 6 அடி 1 அங்குலம். கார்டுக்கு உயரம் எந்த ஊரிலும் முதல் தகுதி இல்லை. இந்தியா ஆள் எடுக்கலாமா என்பதையும் விட்டுவிடுவோம். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை, அது தனி வழக்கு.

ஆனால் ‘தோற்றுப்போனவர்கள் காசுக்குக் கொடி மாற்றுவது’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. சில வாரங்களாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஹோல்டன். பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். பக்னெல் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் படித்து 1998-ல் வெளியே வருகிறார். பெரிய அணிகளின் ஆள் தேடுபவர்கள் வரிசையில் நிற்கும் கல்லூரி அல்ல அது. அந்த ஆண்டு என்பிஏவில் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறு. ஜூலையில் சாத்திய கதவை ஜனவரியில்தான் திறந்தார்கள். 82 ஆட்டங்கள் ஆட வேண்டிய பருவம் 50-க்குச் சுருங்கியது. 22 வயதுப் பையன் என்ன செய்வான்? லாட்வியாவுக்குப் போனார். பிறகு பெல்ஜியத்தில் ஒஸ்டெண்ட். பிறகு ஏதென்ஸில் ஏஇகே. 2002 கிரேக்க இறுதிச் சுற்றில் ஒலிம்பியாகோஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் பறிகொடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் ஜெயித்துப் பட்டம் வாங்கிய அணி அது. அந்தக் கோடையிலேயே மாஸ்கோவின் சிஎஸ்கேஏ கிளப் அவரை அழைத்துக்கொண்டது.

அங்கே ஒன்பது பருவங்கள் ஆடினார். ஒன்பதிலும் ரஷ்ய லீக் பட்டம். அதில் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து யூரோலீக்கின் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. 2005-ல் கடைசிக் கட்டம் மாஸ்கோவிலேயே நடந்தும் அரையிறுதியில் தோற்றார்கள். அடுத்த ஆண்டு பிராகில் மக்கபி டெல் அவிவை 73-69 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். 2007-ல் ஏதென்ஸில் பனதினாய்கோஸிடம் இரண்டே புள்ளியில் தோல்வி. 2008-ல் மறுபடி கோப்பை. 2009-ல் பெர்லினில் மறுபடி பனதினாய்கோஸ், மறுபடி இரண்டு புள்ளி. இப்படி ஆண்டுக்கு ஆண்டு உச்சியில் நின்று ஆடியவரைத் தோற்றுப்போனவர் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்? அவர் நுழையாத ஒரு கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டு அவரை அளக்கிறீர்கள். அவர் வேலை பார்த்த இடத்துக்குப் போய், அங்கே என்ன செய்தார் என்று பார்க்கவே இல்லை.

வெளிநாட்டில் ஆடும் அமெரிக்கக் கார்டின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியுமா உங்களுக்கு? பெரும்பாலும் ஒரு வருட கான்ட்ராக்ட். கிளப் ஒரு அபார்ட்மென்ட் கொடுக்கும், ஒரு கார் கொடுக்கும். அக்டோபரில் நான்கு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் முதலில் வெட்டப்படுவது அயல்நாட்டு ஆட்டக்காரர்தான். உள்ளூர்ப் பையன் சுமாராக ஆடினால் ‘வளர்ந்து வருகிறான்’ என்பார்கள். அமெரிக்கன் சுமாராக ஆடினால் கிறிஸ்துமஸுக்கு முன் விமான டிக்கெட் கையில் இருக்கும். சம்பளம் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகும். கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். இந்தத் தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே 2007-ல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்த வேண்டிவந்தது என்றால், எத்தனை பேருடைய காசு எத்தனை கிளப்புகளிடம் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆட்டமும் வேறு. என்பிஏவின் 48 நிமிட ஆட்டம் இங்கே, ஐரோப்பாவில், 40 நிமிடம். கூடைக்கடியில் தடுக்கும் அணியின் உயரமான ஆள் எத்தனை விநாடி வேண்டுமானாலும் நின்று வழிமறிக்கலாம். என்பிஏவில் யாரையும் நெருங்கிக் காக்காமல் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் விசில். அதனால் அங்கே இடித்துக்கொண்டு உள்ளே போன கார்டுக்கு இங்கே உள்ளே போக இடமே இருக்காது. கல்லூரியில் ஆட்டத்துக்கு இருபது புள்ளி அடித்துப் பழகியவன், இங்கே எட்டுப் புள்ளி அடித்துவிட்டு மற்ற நேரமெல்லாம் பந்தைச் சரியான ஆளிடம் சரியான நொடியில் சேர்ப்பதற்குப் பழக வேண்டும். அதுவும் லித்துவேனியனும் கிரேக்கனும் செர்பியனும் நிற்கும் மைதானத்தில், ஒரு கை அசைவில் எல்லோரையும் நகர்த்த வேண்டும். ஐரோப்பாவுக்குப் போய் முதல் வருடமே திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். திறமை குறைந்து திரும்புகிறவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலோரால் இந்த அடக்கத்துக்குப் பழக முடிவதில்லை.

இனி கொடிக்கு வருகிறேன். 2003-ல் ஹோல்டனுக்கு ரஷ்யக் குடியுரிமை வந்தது. புதின் கையெழுத்திட்ட ஆணை. இதில் கிளப்புக்கு லாபம் இருந்தது. ரஷ்ய லீக்கில் அயல்நாட்டார் கணக்கில் அவர் வரமாட்டார். தேசிய அணிக்கு லாபம் இருந்தது. அவருக்கும் லாபம் இருந்தது. மூன்று தரப்பும் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்ட ஏற்பாடு இது. யார் ஏமாந்தார்கள்? இப்படிக் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவரைத்தான் ஒரு அணி களமிறக்கலாம் என்று ஃபிபாவே விதி வைத்திருக்கிறது. ஒளித்து மறைத்து நடந்த காரியம் அல்ல.

நீங்கள் பார்த்த அந்தக் கடைசி நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். மாட்ரிட் அரங்கம். ஸ்பெயின் 2006-ன் உலக சாம்பியன். ஐரோப்பியப் பட்டம் அதுவரை கிட்டியதில்லை, சொந்த மண்ணில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 59-58. ரஷ்ய அணியில் ஆந்த்ரே கிரிலென்கோ இருக்கிறார், என்பிஏ நட்சத்திரம், அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். ஆனால் பந்து ஹோல்டன் கையில். அவர் எறிந்தது ரிம்மில் தட்டி எழும்பி உள்ளே விழுகிறது. கடிகாரத்தில் இரண்டு விநாடி பாக்கி. பிறகு பாவ் காஸோல் எறிந்தது இறங்கவில்லை. 60-59. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியப் பட்டம். பயிற்சியாளர் யார்? அமெரிக்காவில் பிறந்து இஸ்ரேலியக் குடிமகனான டேவிட் பிளாட். அன்று ஹோல்டனைக் கட்டிப்பிடித்துக் குதித்த ரஷ்ய ஆட்டக்காரர்கள் அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தா கட்டிப்பிடித்தார்கள்? பந்தைக் கொடுத்தபோதே அவரை நம்பிவிட்டார்கள், தம்பி. உங்களுக்கு மட்டும்தான் சான்றிதழ் தேவைப்படுகிறது.

பிரவுன் விஷயம் எனக்கும் முழுக்க ஒப்புதல் இல்லை. ஹோல்டன் மாஸ்கோவில் ஆடி, அந்த ஊர் ரசிகர்களுக்குத் தெரிந்த முகமான பிறகு சட்டை போட்டார். பிரவுன் ஸ்பெயினின் எந்தக் கிளப்புக்கும் ஆடாமலே குடியுரிமை பெற்றவர். அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் அங்கேயும் கேள்வி ஸ்பெயின் கூட்டமைப்பிடம் கேட்கப்பட வேண்டியது. வேலைக்கு அழைத்தார்கள், வந்தார், பெர்லினில் நடந்த 2022 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸை 88-76 என்று வீழ்த்திய அணியை நடத்தினார்.

பெக்கி ஹாம்மன் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தெற்கு டகோட்டாக்காரர், பெண்கள் கூடைப்பந்தில் கார்டு. 1999-ல், புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எந்த அணியும் எடுக்கவில்லை. தானே போய் இடம் பிடித்து நட்சத்திரம் ஆனவர். அமெரிக்க ஒலிம்பிக் அணி தன்னை அழைக்காது என்று தெரிந்த பிறகு, சிஎஸ்கேஏ மூலம் ரஷ்யக் குடியுரிமை பெற்று 2008 பெய்ஜிங்கில் ரஷ்யாவுக்கு ஆடினார். அமெரிக்க அணியின் பயிற்சியாளரே அவருக்கு நாட்டுப்பற்று இல்லை என்று பகிரங்கமாகப் பேசினார். நீங்களே அழைக்கவில்லை. அடுத்தவன் அழைத்தால் துரோகி. இது என்ன நியாயம்? ஹாம்மன் வெண்கலம் வாங்கினார், திரும்பி வந்தார், 2014-ல் ஒரு என்பிஏ அணியின் முழுநேர உதவிப் பயிற்சியாளரான முதல் பெண் ஆனார், லாஸ் வேகாஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அன்று தூற்றிய நாடு இன்று கொண்டாடுகிறது. அவர் ஆடிய ஆட்டம் அன்றைக்கும் அதேதான்.

சரி, காரணத்தைச் சொல்கிறேன் என்றேன். என் பெரியப்பா பஹ்ரைனில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர். போன மாதம்தான் அவருடைய இரும்புப் பெட்டியை ஒழித்தோம். உள்ளே கருப்பேறிய வெல்டிங் கண்ணாடி ஒன்று, நைந்த ரெக்ஸின் உறையில் கட்டாகச் சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் அவர் போட்ட ஜாயின்ட்டின் வகை, கனம், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த முடிவு. எல்லாவற்றிலும் பாஸ். ஓரத்தில் நீல மையில் கப்பலின் பெயரை அவரே எழுதிவைத்திருந்தார். பனாமா கொடி, கிரேக்கக் கொடி, நார்வே கொடி என்று அதையும் பக்கத்திலேயே. அவருக்குச் சம்பந்தமே இல்லாத நாடுகளின் கப்பல்கள். ஆனால் பற்றவைத்த இடத்தில் ஒரு குமிழிகூட இருந்துவிடக் கூடாது என்று மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

லீவுக்கு ஊருக்கு வந்தால் என்ன பேச்சு கேட்பார் தெரியுமா? ‘இங்கே ஒழுங்கா ஒரு கவர்மென்ட் வேலை கிடைச்சிருந்தா நீ ஏன் அங்கே போய்க் கஷ்டப்படப் போறே?’ அவர் கொண்டுவந்த சென்ட் பாட்டிலை வாங்கிக்கொண்டே சொல்வார்கள். எந்தப் பதிலும் சொல்ல மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, கையில் தெறித்த தீப்புள்ளித் தழும்புகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். சின்னப் பையனாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த உறவினர்கள் மேல் வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அதே குரலைக் கேட்டேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆடுகிறவர் நீங்கள், அந்தக் குரல் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற பதைப்புதான்.

நாளைக்கு உங்களையே ஏதோ ஒரு நிறுவன அணி ஆட அழைக்கலாம். வேறு மாநிலத்திலிருந்து அழைப்பு வரலாம், வேறு நாட்டிலிருந்தும் வரலாம். அப்போது உங்கள் தெருவில் யாராவது ‘இந்தியா டீம்ல எடுக்கலையாமே’ என்று இழுப்பார்கள். ஹோல்டனை இப்படிப் பார்க்கப் பழகியிருந்தால், அன்று உங்களையும் இப்படித்தான் பார்த்துக்கொள்வீர்கள். பையை எடுத்துக்கொண்டு போகவே கூசுவீர்கள். போங்கள். காசு வாங்குங்கள், பேசிய காசைக் குறையாமல் கேட்டு வாங்குங்கள், கான்ட்ராக்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு அங்கே இருக்கும் கோச் சொல்வதைக் கேட்டு, கூட ஆடுகிறவனுக்குப் பந்து கொடுத்து ஆடுங்கள்.

யூரோலீக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைக் ஜேம்ஸில் தொடங்குங்கள். போர்ட்லண்டில் பிறந்த கார்டு, டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். இத்தாலியின் கீழ் அடுக்கு லீக்கில் ஆடி மேலே வந்து, 2024-ல் மொனாக்கோவுக்கு ஆடியபோது யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் (எம்விபி) அவரே. பிறகு இஸ்தான்புல்லின் அனடொலு எஃபெஸுக்கு ஆடிய ஷேன் லார்கின் 2019 நவம்பரில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக 49 புள்ளி அடித்த ஆட்டம். அவரும் அமெரிக்கர்தான், துருக்கிக் குடியுரிமை பெற்றுத் துருக்கிக்கு ஆடுகிறவர், எனவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹைலைட் பார்க்காதீர்கள், முழு ஆட்டமாகப் பாருங்கள். டைம்-அவுட் வரும்போது எழுந்து போய்விடாதீர்கள். கோச்சின் மைக்கை ஒலிபரப்பில் திறந்துவிடுவார்கள். செர்பியக் கோச்சாக இருந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கத்துவார், உங்களுக்கும் புரியும். கத்தி முடித்துக் கடைசியில் அவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அநேகமாக அது கார்டாகத்தான் இருக்கும்.